மூன்றாவது கை

என் வீட்டு மேல் அறையில் நான்கு வருஷம் குடியிருந்த பிள்ளை, ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால்கூட மூடியின்மேல் ஒரு தாளை ஒட்டித்தான் கொடுப்பாள். என் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: ‘தட்டப்பயறு. நிலக்கடலை அரைத்து ஊற்றியது. உப்பு கொஞ்சம் தூக்கல். நேற்று வைத்தது, இன்று சுட வைத்தேன்.’ உப்பு தூக்கல் என்பது வாயில் வைத்தால் தெரிந்துவிடும். நேற்று வைத்தது என்பதை அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் எழுதுவாள்.

பக்கத்து வீட்டு மேரிக்கு இது பெரிய வேடிக்கை.

“யக்கா, உங்க மேல்வீட்டுக்காரி கொழம்புக்கே வாக்குமூலம் எழுதுறா. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு என்னத்த எழுதிக் குடுத்தாளோ!”

மேலிருந்து பதில் வரும். “அவிகளுக்கும் எழுதித்தானுங்க குடுத்தேன். ரெண்டு பேரு படிச்சுப்போட்டு ஓடிப்போயிட்டாங்க.”

பிள்ளை என்று சொல்கிறேனே தவிர, அவளுக்கு அப்போதே நாற்பத்தைந்து இருக்கும். எனக்கு அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் பிள்ளைகள்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். இங்கே வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் போடும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்கு வந்தாள். அறையைப் பார்க்க வந்த அன்று, வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தன் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“ஏனுங்கம்மா, நான் வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கம்ப்யூட்டர்ல தட்டீட்டிருப்பனுங்க. சத்தம் கீழ கேக்கும். கூட்டம்னு சொல்லி இங்கிலீசுல பேசுவேன். முந்துன ஊட்டுக்காரம்மா அதுக்குத்தான் என்னைக் காலி பண்ணச் சொன்னாங்க. எங்கப்பனுக்கு ஒடம்பு முடியாமப் போனா ஒரே நாள்ல பொறப்பட்டுப் போயிருவனுங்க. இத்தனையும் தெரிஞ்சு குடுக்கறதுன்னா குடுங்க.”

நான் காயை உலர்த்திப் பிரிக்கிற ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பதினெட்டு வருஷம் காய் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி. மேலே பச்சைக் காயைப் பரப்பி அடியில் வெடித்த காயைப் போட்டுக் கட்டின மூட்டைகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். நான் நின்று கட்டவிட்ட மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்து, எந்த வியாபாரியும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. அப்படிப்பட்ட நானே, வெடித்த காயை மேலே போட்டு நல்ல காயை அடியில் வைத்த மனுஷியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அறையைக் கொடுத்துவிட்டேன்.

விடியற்காலையில் அவள் தட்டிக்கொண்டிருந்தது சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கம்ப்யூட்டர் ஓட அடிப்படையாக ஒன்று வேண்டுமாம். அதை விலைக்கு விற்கிற கம்பெனிகள் உண்டு. உலகம் முழுக்க இருக்கிற ஜனங்கள் சேர்ந்து, கூலி வாங்காமல், தாங்களே ஒன்றைச் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பாட்டுக் கேட்க, கணக்குப் போட, படம் பார்க்க என்று ஆயிரக்கணக்கான சாமான்கள் அதற்குள் உண்டு. ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு ஆள் மூட்டை கட்டி அனுப்புகிறார். அந்த மூட்டையை எப்படிக் கட்டவேண்டும், உள்ளே என்ன இருக்கவேண்டும், மேலே என்ன எழுதவேண்டும் என்று ஒரு சட்டப் புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிற ஐந்தாறு பேரில் இவள் ஒருத்தி.

“எசமான் யாரு?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லீங்க.”

“அப்பறம் நீங்க வெக்கிற சட்டத்த எவன் கேப்பான்?”

“அதுதானுங்க சங்கடமே. கேக்கற மாதிரி வெக்கோணும்.”

அதற்காக அவர்கள் வைத்திருந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. யாராவது ஒருவர் புது விதியை எழுதிப் பொதுவில் வைப்பார். வாதம் நடக்கும். சட்டம் பார்க்கிறவர்களில் மூன்று பேர், ‘இதற்கு நானும் கூட்டு’ என்று தங்கள் பேரைப் போட்டு எழுதினால்தான் அது புத்தகத்தில் ஏறும். அதைக் கை தூக்குவது என்று அவள் சொல்வாள். முதல் கையும் இரண்டாவது கையும் சீக்கிரம் வந்துவிடுமாம். மூன்றாவது கைதான் வராதாம். அது ஏறிவிட்டால் விதி ஆகிவிடும், பிறகு வருகிற வசவெல்லாம் அந்தக் கைக்குத்தான்.

பெரும்பாலும் அந்த மூன்றாவது கை இவளுடையது. இவள் அவசரப்பட்டுத் தூக்கவும் மாட்டாள். ஒரு விதியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அலைவாள். துணி துவைக்கும்போதுகூட, “இதுல யாரு மாட்டிக்குவாங்க?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். எதிர்த்து எழுதினவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான். அதைப் படித்துவிட்டு, அவன் சொல்லவந்ததை அவனைவிடத் தெளிவாக எடுத்து எழுதி எல்லோருக்கும் அனுப்புவாள்.

“ஒன்ன வைய்யுறவனுக்கு நீயே வக்கீலா?” என்பேன்.

“வையறது அவரு குணமுங்க. சொல்றதுல பாதி நெசம். அந்தப் பாதிய உட்டுப்போட்டுச் சொல்லக் கூடாதுங்களே.”

இப்படி வருஷக்கணக்காகச் செய்தால் மனுஷிக்கு அலுக்காதா? அலுத்தது. ஏழரை மணிக்குக் கம்பெனிக்குப் போகிற ஜீப்பில் ஏறும்போதே, வேலை முடிந்து திரும்புகிறவள் போல இருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கும். ‘விட்டுத் தொலையேன்’ என்றால், “உடலாமுங்க, யாராச்சும் வந்தா” என்பாள். யாரும் வரவில்லை.

இப்போது என் கதை கொஞ்சம் சொல்லவேண்டும்.

எனக்குச் சின்ன வயதில் எழுத்து கிடையாது. ஸ்டோரில் சேர்ந்த புதிதில் கம்பத்திலிருந்து என் அண்ணன் ஒரு கடிதம் போட்டான். எஸ்டேட்டுக் கணக்கப்பிள்ளைதான் எங்களுக்கெல்லாம் கடிதம் வாசிப்பவர். பிரித்துப் பார்த்தார். “எல்லாரும் சொகமாம். அங்கிட்டும் நல்ல மழையாம்” என்றார். மடித்துக் கையில் கொடுத்தார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பத்து நாள் காய் எடுத்தேன். பதினொன்றாம் நாள் ஆள் வந்து சொன்னான், அம்மாவை அடக்கம் செய்தாயிற்று என்று. அந்தக் கடிதத்தில் நடுவே ஒரு வரி இருந்திருக்கிறது. ‘அம்மா படுத்த படுக்கை, உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா.’ காய் முற்றி நிற்கிற நேரம், ஒரு ஆள் குறையக் கூடாது என்று கணக்கப்பிள்ளை அந்த ஒரு வரியைத் தாண்டி வாசித்துவிட்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் சுகம் என்று அண்ணன் மேலே எழுதியிருந்தான். மழை என்று கீழே எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு மூட்டையில் போடுகிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து, கோவிலில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, எழுத்துக்கூட்டப் படித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து யாரிடமும் ‘இதை வாசித்துச் சொல்’ என்று நான் ஒரு தாளை நீட்டியதில்லை. வயதான காலத்தில் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. பேப்பர் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல ஆயிற்று. அப்போதும் நீட்டவில்லை. ஒன்றும் வாசிக்காமல் இருந்தேன்.

பிள்ளை இதைக் கண்டுகொண்டாள். ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் அடுக்களை மேஜையில் வைத்தாள். ஒரு பொத்தானில் சிவப்புத் துணியை ஒட்டினாள். அதை அமுக்கினால் அன்றைய தமிழ்ப் பேப்பரைக் கம்ப்யூட்டர் வாசிக்கும். தாளை ஒரு கேமராவுக்குக் கீழே காட்டினாலும் வாசிக்கும். ஆம்பிளைக் குரல். சளி பிடித்தவன் மாதிரி பேசுவான். ஊர்ப் பெயர்களைக் கொலை செய்வான். இருந்தாலும் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இதை மட்டும் வாசி, அதை விடு என்று அவனுக்கு யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது அல்லவா.

“யக்கா வீட்டுல காலங்காத்தால ஆம்பளச் சத்தம் கேக்குது, அந்தோனியாருக்கு மெழுகுவத்தி கொளுத்தணும்” என்று மேரி சிரிப்பாள்.

“கொளுத்து. ஒம் புருசன் பேசுறதவிட இவன் வெவரமாப் பேசுறான்.”

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. அப்புறம்தான் அந்த விதி வந்தது.

ஏதோ ஒரு நாட்டுக்காரர் எழுதியிருந்தாராம். இந்த மாதிரிப் பேசுகிற, தானாகக் கற்றுக்கொண்ட சாமான்கள் இருக்கின்றனவே, அவை எதைக் கேட்டுக் கற்றுக்கொண்டன என்கிற மூலத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நம் மூட்டைகளோடு இருக்கலாம், இல்லாவிட்டால் வெளியே போகவேண்டும் என்று. என் சளிக்குரல்காரனைச் செய்தவர் யாரோ, குரலை மட்டும் கொடுத்திருந்தார். யாரைப் பேசவிட்டுப் பதிவு செய்தார், அந்தப் பதிவுகள் எங்கே என்பதைக் கொடுக்கவில்லை. இவள் மூன்று தடவை அவருக்கு எழுதினாள். பதில் இல்லை.

அன்று மாலை ஜீப்பிலிருந்து இறங்கி மேலே போகாமல் நேராக என் அடுக்களைக்கு வந்தாள்.

“அம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. இந்த விதிக்கு ரெண்டு கை ஏறிடுச்சு. ஏறி முடிஞ்சா உங்க கொரலு போயிரும். கம்ப்யூட்டருக்கு வர்ற அடுத்த பதிப்புல இருக்காது.”

“மூணாவது கை யாரு?”

அவள் தன் கையைப் பார்த்தாள்.

“நீ தூக்காம இரு. அம்புட்டுத்தான!”

“இருக்கலாமுங்க. உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க, அப்படியே எழுதி எல்லாத்துக்கும் அனுப்பறேன். அத உட்டுப்போட்டு முடிவு பண்ண முடியாதுங்க.”

எனக்குக் கோபம். “எழுது. வண்டன்மேட்டுல ஒரு கெழவி இருக்கா. நாப்பது வருசமா எவங்கிட்டயும் தாள நீட்டாதவ. அவ கையில இருக்குற கண்ண நீங்க புடுங்கப் போறீங்க. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறது நல்லதுதேன். மூட்டையவே தூக்கி எறிஞ்சா சமையலுக்கு என்ன பண்றதுன்னு கேளு.”

அவள் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினாள். எழுதினதைத் திருப்பி வாசித்துக் காட்டினாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த மாத்திரை விசயத்தையும் சேக்கட்டுங்களா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். தாளைக் கேமராவுக்குக் கீழே காட்டினேன். ‘காலையில் ஒரு மாத்திரை’ என்றான். அப்படியே போட்டேன். மூன்றாம் நாள் கோழிக்குத் தீனி போடப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேரி ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் நானே பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். ‘காலையில் அரை மாத்திரை’ என்று அச்சடித்திருந்தது. அரையை அவன் விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்லியிருக்கிறான். நான் யாரிடமும் சொல்லவில்லை. மேரியிடம் வெயில் என்றேன். சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்க ஒக்காந்த அன்னிக்கு மேரியக்கா சொன்னாங்க. அந்தத் தாள் மேசை மேலயே இருந்துச்சு. நான் காட்டிப் பாத்தனுங்க. நாலு தடவை காட்டுனா ரெண்டு தடவை சரியா வாசிக்குது, ரெண்டு தடவை அரைய உட்டுப்போட்டு ஒருன்னு சொல்லுது. ஏன்னு கண்டுபுடிக்க வழியில்லீங்க. அது எதக் கேட்டுப் படிச்சுதுன்னு நம்ம கையில இருந்தாத்தானே தேடலாம்.”

“அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?”

“அன்னிக்குச் சாயங்காலமே மாத்திரை டப்பா மேல எழுதி ஒட்டுனனே.”

ஆமாம். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘அரை’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுடைய வழக்கமான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சேக்காத” என்றேன்.

“சரிங்க. நீங்க வேண்டாம்னா சேக்க மாட்டேன். உங்க விசயம் அது.”

போய்விட்டாள். மறுநாள் வந்து கேட்டாள், சேர்க்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன். நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டாள். அதற்கடுத்த தடவை அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குக் கணக்கப்பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வரியைத் தாண்டி வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவரவர் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எனக்கும் இருந்தது.

“எழுதித் தொல” என்றேன்.

என் கோபத்துக்குக் கீழே அந்த மாத்திரையும் சேர்ந்து போயிற்று. எந்தெந்த நாட்டிலிருந்தோ பதில் எழுதினார்கள். அந்த அம்மா சொல்வது நியாயம், இந்த விதி வேண்டாம் என்று சில பேர். அந்த அம்மா சொல்வது நியாயம், அதனால்தான் இந்த விதி வேண்டும் என்று அதைவிடக் கூடுதல் பேர். பிள்ளை ஒன்று விடாமல் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஆறு வாரம் மெலிந்துபோய்த் திரிந்தாள். ஒரு விடியற்காலை படியிறங்கி வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

“தூக்கிட்டனுங்கம்மா” என்றாள்.

புதுப் பதிப்பு வர மூன்று மாதம் ஆயிற்று. வந்ததும் சொன்னாள், உங்கள் பெட்டியில் மட்டும் அந்தக் குரலைத் தனியாகக் கையால் போட்டுத் தரலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை, மாத்திரைத் தாளை மட்டும் நம்பவேண்டாம் என்று.

“மத்த கெழவிகளுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு? எடுத்துரு.”

“இது விதிக்கு விரோதம் இல்லீங்கம்மா. அவிங்கவிங்க ஊட்டுல வெச்சுக்கலாம்.”

“எடுன்னா எடு.”

எடுத்தாள். வீம்புதான். இப்போது யோசித்தால் யாரிடம் வீம்பு என்று எனக்கே விளங்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. அவள் தந்த குழம்புக் கிண்ணத்தையெல்லாம் மேரியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கையில் பேப்பரோடு வந்தாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் முட்டுப்பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்திலிருந்து. தலைப்பு, செய்தி, ஏலக்காய் விலை, டெண்டர் விளம்பரம், காணவில்லை, வாழ்த்துகிறோம், எல்லாம். ஏழேகாலுக்கு மடித்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். விடியற்காலைத் தட்டல் சத்தம் ஐந்து மணியிலிருந்து நான்கரைக்கு முன்னேறிவிட்டது. அந்த வேலையையும் அவள் விடவில்லை.

மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் யாரோ பெரியவருக்கு மரண அறிவிப்பு. மகன்கள், மருமக்கள், பேரன்கள், பேத்திகள், கொள்ளுப் பேரன்கள் என்று ஒவ்வொரு பெயராக மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனாள். என்னால் அடக்க முடியவில்லை.

“செத்தவருக்கே இத்தன பேரு ஞாபகம் இருந்திருக்காது. விட்டுத் தள்ளு புள்ள!”

“உட்டுப்போட்டு வாசிக்கக் கூடாதுங்க” என்றாள் தலை நிமிராமல். “இன்னும் ஆறு பேரு இருக்காங்க.”

ஆறு பேரையும் வாசித்து முடித்தாள். அப்புறம் நான் காப்பி கொடுத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டாள். புதுசாகத் தமிழ்க் குரல் ஒன்று செய்யவேண்டும், மூலத்தை மறைக்காமல், எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்து. பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும். நீங்கள் பேசுவீர்களா என்று. கேட்ட மூச்சிலேயே மற்றதையும் சொன்னாள்.

“இத யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமுங்க. மாத்தலாம். நீங்க சொல்லாதத உங்க கொரல்ல சொல்ல வெக்கலாம். நீங்க இல்லாமப் போனதுக்கப்பறமும் அது பேசீட்டிருக்கும். ஒருக்காக் குடுத்துட்டா திரும்பி வாங்க முடியாதுங்க.”

“நீ கேக்க வந்தியா, வெரட்ட வந்தியா?”

“ரெண்டையும் சொல்லோணுமுங்களே.”

“எவனாச்சும் என் கொரல்ல ஒரு வரியத் தாண்டி வாசிச்சா?”

“தடுக்க முடியாதுங்க. ஆனா நீங்க நெசமாப் பேசுனது எல்லாத்து முன்னாலயும் கெடக்கும். எதத் தாண்டுனான்னு யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம்.”

ஒரு வாரம் யோசித்தேன். அண்ணன் போட்ட கடிதம் இடுப்பிலேயே இருந்தும் வாசிக்க வேறு ஆள் இல்லாமல் போன பத்து நாளை யோசித்தேன். சரி என்றேன். பெயர் மட்டும் போடாதே என்றேன்.

சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து இறங்கி வந்ததும் அரை மணி நேரம். அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்வாள், நான் என் வாயால் திருப்பிச் சொல்வேன். ‘பஸ் ஏழு மணிக்குப் புறப்படும்.’ ‘நாளை ரேஷன் கடை இருக்காது.’ ‘காலையில் அரை மாத்திரை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஒன்பது விதமாகச் சொன்னேன். தகரக் கூரையில் மழை வந்தால் நிறுத்துவோம். இந்த ஊரில் மழை எப்போது வரவில்லை? ஜீப் ஹாரன் அடித்தால் நிறுத்துவோம். எனக்கு இருமல் வந்தால் நிறுத்துவோம். ஆயிரக்கணக்கில் வேண்டுமாம். எண்ணூறு சேர்ந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது, அவளுடைய அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று. சொன்னபடியே ஒரே நாளில் புறப்பட்டுப் போய்விட்டாள். போகிறபோது எனக்கு விட்டுப்போன அரிசிப் பானையில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: ‘வண்டு இருக்கிறது. வெயிலில் போடவும்.’

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கட்டை விரல் அளவில் பென் டிரைவ், அதோடு பெரிய எழுத்தில் ஒரு தாள். மலையாளத்துத் தபால்காரர், “வாசிச்சுத் தரணோ அம்மச்சி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, இரண்டு நாள் வாசித்தேன்.

‘இதில் இருப்பது: ஒரு பெண்மணியின் குரல், எண்ணூறு வாக்கியம். பேசியவர் ஏலக்காய் ஸ்டோரில் தலைவியாக இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார். இதை எல்லோருக்கும் தர ஒப்புக்கொண்டார். குறைகள்: இது போதாது. முழுக் குரல் ஆவதற்கு இன்னும் பல மடங்கு வேண்டும். சில இடங்களில் மழைச் சத்தம், இருமல். எடுத்துக் கொடுத்தவள் பாலக்காட்டுக்காரி என்பதால் பேசியவரின் இழுப்பு சில இடங்களில் மாறியிருக்கலாம். முன்பு இருந்த குரலை விலக்கிய விதிக்கு மூன்றாவது கை தூக்கியவள் நான். அதனால் எட்டு மாதம் இவருக்கு வாசித்துக் காட்ட எதுவும் இல்லாமல் போயிற்று.’

கடைசி வரியை மூன்று தடவை தடவிப் பார்த்தேன். அப்புறம் மேரியைக் கூப்பிட்டு, அவள் போனில் நம்பர் போடச் சொன்னேன்.

“தாள்ல ஒரு கொற இருக்கு” என்றேன்.

அவள் பதறிவிட்டாள். “என்னங்கம்மா, எந்த எடத்துல?”

“எட்டு மாசம் வாசிக்க எதுவும் இல்லேன்னு எழுதியிருக்க. தெனமும் காலம்பற முட்டுப்பலகையில ஒக்காந்து வாசிச்சது யாரு? பேயா?”

அந்தப் பக்கம் யாரோ முனகுவதும், கட்டில் சத்தமும் கேட்டன. அவளுடைய அப்பாவாக இருக்கும்.

“அது மூட்டைல வர்ற விசயம் இல்லீங்களே” என்றாள்.

“உட்டுப்போட்டுச் சொல்லக் கூடாதுன்னு எவ சொன்னா? சேத்து எழுது.”

“சேக்கறதுன்னா மூணு கை வேணுமுங்க” என்றாள். குரல் அசந்துபோய் இருந்தது. ஆனாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

“ஒண்ணு நானு.”

மேரி போன் பக்கமாகக் குனிந்து, “ரெண்டு நானு! கொழம்பெல்லாம் நாந்தேன் தின்னேன், அதையும் சேத்து எழுது!” என்று கத்தினாள்.

“மூணாவது?” என்று கேட்டாள் பிள்ளை.

“நீயே தூக்கு. ஒனக்குத்தான் பழக்கம்.”

யோசிக்கிறேன் என்றாள். அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவை பேசுவாள். பேசும்போதெல்லாம் கேட்கிறேன், இன்னும் யோசிக்கிறேன் என்றுதான் சொல்கிறாள். இதில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று பார்க்கிறாளோ என்னவோ. அந்தத் தாள் இன்றுவரை அப்படியேதான் கிடக்கிறது. நானும் மேரியும் தூக்கின கையை இறக்கவில்லை.